இரண்டு கேபிள் போட்டால் இரட்டை வேகமா?

கோப்புகளைச் சேமித்து வைக்கும் நாஸ் பெட்டிகளில் கொஞ்சம் விலை கூடியதை வாங்கிப் பின்பக்கம் திருப்பினால், ஈதர்நெட் போர்ட் இரண்டு இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கிகாபிட். திருமண வீடியோ எடிட் செய்யும் சிறிய ஸ்டூடியோக்களிலும், கணக்குத் தணிக்கை அலுவலகங்களிலும் இந்தப் பெட்டி இப்போது சாதாரணம். இரண்டு போர்ட் இருக்கிறதே என்று இரண்டு கேபிளை இழுத்து ஸ்விட்சில் செருகுவார்கள். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் 'பாண்டிங்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், திரையில் 2 கிகாபிட் என்று காட்டும். மனம் நிறைந்துவிடும்.

பிறகு நூறு ஜிகாபைட் வீடியோ ஒன்றை நகல் எடுத்துப் பார்ப்பார்கள். நொடிக்கு 117 மெகாபைட். நேற்று ஒரே கேபிளில் ஓடியபோதும் அதே 117தான். ஒரு கேபிளைப் பிடுங்கினாலும் எண் மாறாது. கேபிள் மட்டமா, ஸ்விட்ச் பழுதா, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று சந்தேகம் வரிசையாக வரும்.

எதுவும் பழுதில்லை. அந்தத் தொழில்நுட்பம் வடிவமைக்கப்பட்டதே அப்படித்தான்.

முதலில் அந்த 117. ஒரு கிகாபிட் என்பது நொடிக்கு நூறு கோடி பிட், அதாவது 125 மெகாபைட். தரவு பொட்டலம் பொட்டலமாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முகவரி, சரிபார்ப்பு எண், அடுத்ததற்கு முன் கட்டாய இடைவெளி என்று ஒரு பங்கு கழிந்துவிடும். மிஞ்சுவது சுமார் 94 சதவீதம். ஆக, 117 என்பது ஒரு கிகாபிட் கேபிள் தன்னால் முடிந்த அத்தனையையும் கொடுத்துவிட்டது என்பதற்கான அடையாளம். இரண்டாவது கேபிள் ஏன் சும்மா கிடக்கிறது என்பதுதான் கேள்வி.

கிணற்றில் இரண்டு மோட்டார் போட்டால் தொட்டி பாதி நேரத்தில் நிரம்பும். தண்ணீரில் எந்தச் சொட்டு முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. தரவுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. லிங்க் அக்ரிகேஷன் என்று நெட்வொர்க்காரர்கள் சொல்லும் இந்தப் போர்ட் கூட்டணியின் வரலாறு முழுவதும் 'எது முன், எது பின்' என்ற இந்த ஒரே சிக்கலைச் சுற்றியே வந்திருக்கிறது.

கூட்டணி என்ற ஏற்பாடே இல்லாத இரண்டு சாதாரண ஸ்விட்சுகளுக்கு நடுவே இரண்டு கேபிளைப் போட்டால் என்ன ஆகும்? நெட்வொர்க் விழுந்துவிடும். ஒரு கணினி எல்லோருக்குமாக அனுப்பும் அறிவிப்புப் பொட்டலத்தை ஸ்விட்ச் தன் எல்லாப் போர்ட்டுகளிலும் வெளியே விடும். அது ஒரு கேபிள் வழியே அடுத்த ஸ்விட்சுக்குப் போய், இன்னொரு கேபிள் வழியே திரும்பி வரும், மறுபடி போகும். இணையப் பொட்டலங்களுக்கு இத்தனை தாவலுக்குப் பிறகு செத்துவிடு என்று ஆயுள் எண் ஒன்று உண்டு. ஈதர்நெட் பொட்டலத்துக்கு அது கிடையாது. ஒரே அறிவிப்பு சுற்றிச் சுற்றிப் பெருகி, சில நொடிகளில் கேபிளை நிறைத்துவிடும்.

இதைத் தடுக்க டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்த ரேடியா பெர்ல்மன் 1985இல் ஒரு வழி கண்டார். ஸ்விட்சுகள் தமக்குள் பேசிக்கொண்டு, வளையம் உண்டாக்கும் இணைப்புகளைத் தாமாகவே அடைத்துவிடும் ஸ்பானிங் ட்ரீ முறை அது. இன்றும் உலகெங்கும் ஓடுகிறது. அது குழம்பினால் விளைவு எப்படியிருக்கும் என்பதை 2002 நவம்பரில் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனை பார்த்தது. நெட்வொர்க் நாள்கணக்கில் முடங்கி, பரிசோதனை முடிவுகளும் மருந்துச் சீட்டுகளும் காகிதத்துக்குத் திரும்பின. மருத்துவமனை அதை மறைக்காமல் வெளியே சொன்னதால் நெட்வொர்க் படிப்புகளில் இன்றும் அது பாடமாக இருக்கிறது.

ஆனால் ஸ்பானிங் ட்ரீயின் கண்ணுக்கு இரண்டாவது கேபிள் என்பது ஆபத்து மட்டுமே. இரண்டு ஸ்விட்சுக்கு நடுவே நான்கு கேபிள் போட்டாலும் மூன்றை அடைத்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டுவைக்கும். காசு கொடுத்துப் போட்ட கேபிள் வெறும் ஸ்டெப்னி.

இந்த முட்டுக்கட்டையை உடைத்த நிறுவனத்தின் பெயர் கல்பனா. கலிபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கில், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வினோத் பரத்வாஜும் லாரி பிளேரும் தொடங்கியது. பரத்வாஜ் தம் மனைவியின் பெயரையே நிறுவனத்துக்கு வைத்திருந்தார். 1990 வாக்கில் ஏழு போர்ட் கொண்ட ஈதர்ஸ்விட்ச் என்ற பெட்டியை அவர்கள் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். பல போர்ட் கொண்ட முதல் ஈதர்நெட் ஸ்விட்ச் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அன்றைய ஈதர்நெட்டின் வேகம் நொடிக்கு 10 மெகாபிட். ஒரு ஸ்விட்சில் ஆறேழு கணினிகள் முழு வேகத்தில் பேசத் தொடங்கியதும், அந்த ஸ்விட்சை அடுத்த ஸ்விட்சோடு இணைக்கும் ஒற்றைக் கேபிள் திணறியது. பல கேபிள்களைச் சேர்த்து ஒரே கேபிள்போலப் பாவிக்கும் ஈதர்சேனல் அங்கேதான் பிறந்தது. ஸ்பானிங் ட்ரீயிடம் கூட்டணி தன்னை ஒற்றை இணைப்பாகக் காட்டிக்கொள்ளும், வளையம் என்ற பேச்சே எழாது. 1994இல் சிஸ்கோ கல்பனாவை விலைக்கு வாங்கியது. ஈதர்சேனல் என்ற பெயர் சிஸ்கோவின் சொத்தாகி, அந்த நிறுவனத்தின் கட்டளைத் திரைகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

அடுத்து வந்த 100 மெகாபிட் காலத்தில் நான்கு கேபிள் கூட்டணியை '800 மெகாபிட்' என்று விற்றார்கள். போகும் திசையில் 400, வரும் திசையில் 400, இரண்டையும் கூட்டினால் 800. விளம்பரக் கணக்கு எல்லாக் காலத்திலும் கொஞ்சம் தாராளமானதுதான்.

இப்போது அந்த வரிசைச் சிக்கல். இரண்டு கேபிள் இருக்கிறது. முதல் பொட்டலம் இடது கேபிளில், இரண்டாவது வலது கேபிளில், மூன்றாவது மறுபடி இடதில் என்று மாற்றி மாற்றிப் போட்டால் ஆயிற்றே, என்ன கஷ்டம்? யாருக்கும் முதலில் தோன்றும் யோசனை இதுதான்.

ஈதர்நெட்டில் ஒரு முழுப் பொட்டலம், முன்னும் பின்னும் உள்ள இடைவெளியோடு சேர்த்து, 1538 பைட் இடத்தை எடுக்கும். ஒரு கிகாபிட் கேபிளில் அதை அனுப்பி முடிக்க 12.3 மைக்ரோ நொடி ஆகும். மிகச் சிறிய பொட்டலம் எல்லாம் சேர்த்து 84 பைட், அதற்கு 0.67 மைக்ரோ நொடி போதும். முதலில் பெரிய பொட்டலம் இடது கேபிளில் கிளம்புகிறது. உடனே பின்னால் சின்னது வலது கேபிளில் கிளம்புகிறது. பின்னால் கிளம்பியது சுமார் 12 மைக்ரோ நொடி முன்னதாகவே போய் உட்கார்ந்துவிடும். ஒரு கேபிளின் வாசலில் ஏற்கெனவே பத்துப் பொட்டலம் காத்திருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும்.

சேருமிடத்தில் வரிசையைச் சரிசெய்துகொள்ளக் கூடாதா என்றால், ஈதர்நெட் பொட்டலத்தில் வரிசை எண்ணே கிடையாது. 1973இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் பாப் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் ஈதர்நெட்டை உருவாக்கியபோது, எல்லாக் கணினிகளும் ஒரே தடித்த கேபிளில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரே கேபிளில் முந்துவது எப்படி? எண் போடத் தேவையே இருக்கவில்லை. அந்த இயல்பையே நம்பி மேலடுக்கு மென்பொருள்கள் எழுதப்பட்டன. ஸ்விட்சுகளுக்கான தர விதிகளும் ஒரு உரையாடலின் பொட்டலங்களை முன்பின்னாக்கக் கூடாது என்று வகுத்துவிட்டன.

இணையத்தின் டி.சி.பி. நெறிமுறையில் வரிசை எண் உண்டு, முன்பின்னாக வந்தால் அடுக்கிக்கொள்ளவும் தெரியும். ஆனால் அதற்கு ஒரு சந்தேகப் புத்தி உண்டு. எதிர்பார்த்த பொட்டலம் வராமல் அதற்குப் பிந்தியவை வந்துகொண்டிருந்தால், சேருமிடம் 'எனக்கு இன்னும் பழையது வரவில்லை' என்று ஒவ்வொரு தடவையும் பதில் அனுப்பும். அதே பதில் கூடுதலாக மூன்று முறை வந்துவிட்டால், அனுப்பியவர் பொட்டலம் தொலைந்தது என்று முடிவு கட்டி அதை மறுபடி அனுப்புவார், வேகத்தையும் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக்கொள்வார். உண்மையில் எதுவும் தொலைந்திருக்காது, தாமதமாக வந்துகொண்டிருக்கும். இரட்டை வேகம் கேட்டுப் போனவருக்கு அரை வேகம் கிடைக்கும் அபத்தம் இங்கேதான் நேர்கிறது.

இதெல்லாம் தெரிந்தும் துணிந்தவர்கள் உண்டு. 1994இல் நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் சாதாரணக் கடைக் கணினிகள் 16ஐ இணைத்து பியோவுல்ஃப் என்ற மலிவு சூப்பர் கணினியைக் கட்டினார்கள். 486 வகை செயலிகள். 10 மெகாபிட் ஈதர்நெட் அவற்றுக்குப் போதவில்லை, ஸ்விட்ச் வாங்கவோ பணம் இடம் கொடுக்கவில்லை. பெக்கர் லினக்ஸுக்குத் தாமே டிரைவர் எழுதி, ஒவ்வொரு கணினியையும் இரண்டு தனித்தனி ஈதர்நெட்டில் மாட்டி, பொட்டலங்களை மாற்றி மாற்றி அனுப்பினார். லினக்ஸில் இன்றுள்ள பாண்டிங் வசதியின் மூதாதை அதுவே. அதன் ஏழு முறைகளில் பூஜ்யமாவது முறை இன்றும் இந்த மாற்றி மாற்றி அனுப்பும் முறைதான். ஆனால் கெர்னலோடு வந்த விளக்கக் குறிப்பு ஒளிவுமறைவில்லாமல் ஒன்றைச் சொன்னது: நான்கு கேபிள் கட்டி, டி.சி.பி.யின் சந்தேகப் புத்தியைத் தளர்த்தி வைத்தாலும், ஒரு தனி இணைப்புக்குச் சுமார் 2.3 கேபிளின் வேகத்துக்கு மேல் கிடைக்காது.

வணிக ஸ்விட்சுகளுக்குத் தரநிலை வகுத்தவர்கள் இந்தச் சூதாட்டத்துக்கு வரவில்லை. ஒரு உரையாடல் முழுவதும் ஒரே கேபிளில்தான் போக வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 2000ஆம் ஆண்டு வெளியான ஐ.இ.இ.இ. 802.3ஏ.டி. தரநிலையின் அடிப்படை இது. 2008இல் அது 802.1ஏ.எக்ஸ். என்று பெயர் மாறியது, அடிப்படை மாறவில்லை. நாஸ் பெட்டியின் 117க்குக் காரணம் இந்த முடிவு. ஒரு கணினி, ஒரு பெட்டி, ஒரு கோப்பு. ஒரே உரையாடல், ஆகவே ஒரே கேபிள்.

எந்த உரையாடல் எந்தக் கேபிளில் போகும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? ஹாஷ் என்னும் ஒரு சின்னக் கணக்கு. அனுப்புபவர் முகவரி, பெறுபவர் முகவரி ஆகியவற்றின் பிட்டுகளைக் கலந்து ஒரு எண்ணாக்கி, கேபிள்களின் எண்ணிக்கையால் வகுத்து, மீதியைப் பார்ப்பது. மீதி பூஜ்யம் என்றால் முதல் கேபிள், ஒன்று என்றால் இரண்டாவது. ஒரே இருவருக்கு நடுவே எப்போதும் ஒரே விடை வரும், அதனால் வரிசை கெடாது. எந்த நினைவகமும் வைத்துக்கொள்ளாமல், பொட்டலத்தின் தலையைப் பார்த்த கணமே விடை கிடைத்துவிடும். மலிவு, வேகம். ஆனால் குருட்டுத்தனம். எந்தக் கேபிளில் நெரிசல், எது காலி என்று ஹாஷ் பார்ப்பதே இல்லை.

முகவரியின் கடைசி எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும் எளிய ஹாஷ் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சர்வரின் எண் 20. அதனோடு பேசும் கணினிகள் 10, 11, 12. பிட்டுகளை ஒப்பிட்டு வேறுபடுபவற்றை மட்டும் எடுத்தால் 10க்கு 30, 11க்கு 31, 12க்கு 24 வரும். இரண்டால் வகுத்தால் மீதி 0, 1, 0. ஆக, இரட்டைப்படை எண் கொண்ட கணினிகள் எல்லாம் ஒரு கேபிளில், ஒற்றைப்படைகள் எல்லாம் இன்னொன்றில். அலுவலகத்தில் நிர்வாகி ஒழுங்கு கருதி எல்லோருக்கும் இரட்டைப்படை எண்ணாகவே கொடுத்திருந்தால், இரண்டாவது கேபிள் தூசி படிந்து கிடக்க வேண்டியதுதான்.

இன்னொரு பொறி ரவுட்டர். ஸ்விட்ச் வன்பொருள் முகவரியை மட்டும் பார்த்து ஹாஷ் போடும்படி அமைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சர்வருக்கு வரும் போக்குவரத்து முழுவதும் ரவுட்டர் வழியே வந்தால், அத்தனை பொட்டலங்களிலும் அனுப்புபவரின் வன்பொருள் முகவரி ரவுட்டருடையதாகத்தான் இருக்கும். ஆயிரம் பேர் பேசினாலும் ஹாஷின் கண்ணுக்கு ஒரே உரையாடல். நான்கு கேபிளில் மூன்று உறங்கும். இணைய முகவரியையும், அதற்கு மேல் டி.சி.பி. போர்ட் எண்ணையும் சேர்த்துக் கலக்கும்படி மாற்றினால் இது தீரும். எந்தெந்தத் தகவலைக் கலப்பது என்பதைத் தரநிலை கட்டாயப்படுத்தவில்லை. ஒவ்வொரு முனையும் தன் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்கலாம். போகும் பொட்டலம் இடது கேபிளிலும் அதற்கான பதில் வலது கேபிளிலும் வருவது முற்றிலும் சகஜம்.

ஹாஷ் ஒழுங்காகவே கலக்குகிறது என்று வைத்துக்கொண்டாலும் அது ஒரு தாயக்கட்டைதான். நான்கு கேபிள், முழு வேகத்தில் நான்கு உரையாடல். ஆளுக்கொரு கேபிள் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு? மொத்தம் 256 விதங்களில் விழலாம், அவற்றில் 24 விதங்களில் மட்டுமே நான்கும் தனித்தனியாக விழும். நூற்றுக்கு ஒன்பது முறை. மற்ற நேரமெல்லாம் ஏதோ ஒரு கேபிளில் இருவர் முட்டிக்கொள்ள, இன்னொன்று காலியாக இருக்கும். எட்டு கேபிள், எட்டு உரையாடல் என்றால் நானூறு தடவைக்கு ஒருமுறைதான் கச்சிதமாக அமையும். ஆயிரக்கணக்கான சின்ன உரையாடல்கள் ஓடும் இடத்தில், வலைத்தளம் நடத்தும் சர்வர் போன்றவற்றில், இந்த ஏற்றத்தாழ்வு தானாகச் சமனாகிவிடும். இரவு பேக்அப் போன்ற ஒன்றிரண்டு யானைகள் நடக்கும் இடத்தில் சமனாகாது.

சிஸ்கோவின் பல ஸ்விட்சுகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. அவற்றின் ஹாஷ் எட்டு விடைகளை மட்டுமே தரும். அந்த எட்டை மூன்று கேபிளுக்குப் பகிர்ந்தால் 3, 3, 2 என்றுதான் பிரிக்க முடியும். முதல் இரண்டு கேபிள்களும் நிரம்பும்போது மூன்றாவது மூன்றில் இரண்டு பங்குதான் நிரம்பியிருக்கும். மூன்று கிகாபிட் கட்டியவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 2.67. இரண்டு, நான்கு, எட்டு என்று கட்டச் சொல்லும் பழைய ஆலோசனைக்கு இதுதான் மூலம்.

இவ்வளவு குறையுள்ள ஒன்றை எல்லாத் தரவு மையங்களும் ஏன் கட்டிக்கொண்டு அழுகின்றன? வேகம் இரண்டாம் பட்சம் என்பதால். ஒரு கேபிள் அறுந்தால் மற்றது இருக்கிறது என்பதுதான் முதல் காரணம். எலி கடித்தாலும், துப்புரவுப் பணியாளரின் துடைப்பம் பட்டு இழுபட்டாலும், கூட்டணியின் மீதிக் கேபிள்களுக்கு ஹாஷ் உடனே திருப்பிவிடும். பயனருக்கு ஒரு நொடித் தயக்கம்கூடத் தெரியாமல் போகலாம்.

அறுந்தது தெரிந்தால்தானே திருப்பிவிட முடியும். கண்ணாடி இழையில் போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என்று இரண்டு இழை. நடுவே ஒரு கன்வெர்ட்டர் பெட்டி இருந்தால், அந்தப் பக்க இழை அறுந்தாலும் இந்தப் பக்க ஸ்விட்சில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கக்கூடும். ஸ்விட்ச் அந்த வழியே பொட்டலத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும், அத்தனையும் பாழுங்கிணற்றில் விழும். இதற்குத்தான் எல்.ஏ.சி.பி. என்ற நெறிமுறையைத் தரநிலையோடு சேர்த்தார்கள். கூட்டணியின் ஒவ்வொரு கேபிளிலும் இரு முனைகளும் நான் இன்னார், என் எண் இது, நீ சொல்வது எனக்குக் கேட்கிறது என்று 30 நொடிக்கு ஒருமுறையோ, வேக முறையில் ஒரு நொடிக்கு ஒருமுறையோ சொல்லிக்கொள்ளும். மூன்று தடவை சத்தமில்லை என்றால் அந்தக் கேபிள் கூட்டணியிலிருந்து நீக்கப்படும். தவறான ஸ்விட்சில் செருகிய கேபிளையும் இதே பேச்சு காட்டிக்கொடுத்துவிடும். இதில் 'ஆக்டிவ்', 'பாசிவ்' என்று இரண்டு நிலை உண்டு. இரு முனைகளையும் பாசிவ் என்று வைத்தால், அடுத்தவர் முதலில் வாய் திறக்கட்டும் என்று இரண்டும் காத்துக்கொண்டே இருக்கும். கூட்டணி உருவாகவே செய்யாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களை இரவெல்லாம் உட்காரவைக்கும் சிக்கல்களில் இது ஒன்று.

பொட்டலங்களைச் சேர்ப்பதில் இவ்வளவு தகராறு இருக்க, பிட்டுகளைச் சேர்ப்பது சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. சாதாரணக் கிகாபிட் கேபிளின் உள்ளே நான்கு ஜோடிக் கம்பி. 1999இல் வந்த தரநிலைப்படி ஒவ்வொரு ஜோடியிலும் 250 மெகாபிட் ஓடி, நான்கும் சேர்ந்தே ஒரு கிகாபிட் ஆகிறது. ஜோடிகள் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் தராதிருக்க ஒவ்வொன்றும் வேறு வேறு அளவில் முறுக்கப்பட்டிருக்கும், ஆகவே நீளத்திலும் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. நூறு மீட்டரில் 50 நானோ நொடி வரை பிந்தலாம் என்று தரநிலையே அனுமதிக்கிறது, எதிர் முனைச் சிப் அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். 2010இல் வந்த 100 கிகாபிட் ஈதர்நெட்டில் தரவு 66 பிட் கட்டிகளாக நறுக்கப்பட்டு 20 தடங்களில் மாற்றி மாற்றிப் போடப்படுகிறது. அவ்வப்போது ஒவ்வொரு தடத்திலும் ஒரு குறியீடு செருகுவார்கள், அதைப் பார்த்துச் சேருமிடம் தடங்களை ஒன்றுக்கொன்று நேராக்கும். பெக்கரின் மாற்றி மாற்றி அனுப்பும் யோசனையேதான் இது. இங்கே அது ஓடக் காரணம், கட்டிகள் எல்லாம் ஒரே அளவு, தடங்கள் எல்லாம் ஒரே வேகம், நடுவே காத்திருக்கும் வரிசை எதுவும் இல்லை.

அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் எளியது. ஒரே ஆள் ஒரே கோப்பை வேகமாக நகல் எடுக்க வேண்டும் என்றால் கூட்டணி உதவாது, வேகமான ஒற்றைப் போர்ட்தான் உதவும். 2016இல் வந்த 802.3பி.இசட். தரநிலை பழைய கேட் 5இ கேபிளிலேயே 2.5 கிகாபிட் ஓட வழி செய்தது. நொடிக்கு 290 மெகாபைட்டைத் தொடலாம், சுவரை உடைத்துப் புதுக் கேபிள் இழுக்க வேண்டாம். பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஒரு நாஸ் பெட்டியைப் பிழியும் இடத்தில் இரண்டு கிகாபிட் கூட்டணிக்கு மதிப்பு உண்டு. இரண்டு தேவைகளையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள்.

கோப்பு நகலுக்கு வேறொரு வழியும் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2012இல் விண்டோஸ் 8ஓடும் அதன் சர்வர் பதிப்போடும் எஸ்.எம்.பி. மல்டிசேனல் என்பதைக் கொண்டுவந்தது. இதில் போர்ட்டுகளைக் கூட்டவே கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி கொடுத்து விட்டுவிட வேண்டும். இரு பக்கக் கணினியிலும் இரண்டு போர்ட் இருந்தால், மென்பொருளே தனித்தனி டி.சி.பி. இணைப்புகளைத் திறந்து கோப்பைத் துண்டுபோட்டு அனுப்பும். கோப்பின் எந்த இடத்தில் எந்தத் துண்டு சேர வேண்டும் என்பது அந்தத் துண்டிலேயே இருப்பதால், எது முந்தி வந்தாலும் கவலையில்லை. இங்கே ஒன்றும் ஒன்றும் உண்மையாகவே இரண்டு. லினக்ஸ் உலகின் சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளில் இந்த வசதி 2021இல் வந்த 4.15 பதிப்பிலிருந்து இயல்பாகவே இயங்குகிறது.

டி.சி.பி.யையே பல வழியில் ஓடப் பழக்கியது மல்டிபாத் டி.சி.பி. 2013 ஜனவரியில் சோதனை நெறிமுறையாக வெளியானது. அதே ஆண்டு பெல்ஜியத்தின் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகக் குழு ஆறு 10 கிகாபிட் இணைப்புகளைச் சேர்த்து, ஒரே டி.சி.பி. தொடர்பில் 50 கிகாபிட்டைத் தாண்டிக் காட்டியது. பழைய 2.3 கணக்கோடு ஒப்பிட்டால் இது பெரிய தாவல். ஒவ்வொரு வழிக்கும் தனி வரிசை எண்ணும், மொத்தத்துக்கு இன்னொரு வரிசை எண்ணும் கொடுத்ததுதான் சூட்சுமம். அதே ஆண்டு வந்த ஐஓஎஸ் 7இல் ஆப்பிள் இதை 'சிரி' குரல் உதவியாளருக்குப் பயன்படுத்தியது. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது பேச்சு அறுபடாதிருக்க வேண்டும் என்பது நோக்கம்.

ஹாஷின் குருட்டுத்தனம் இப்போது பெரும் பணச் சிக்கலாகியிருக்கும் இடம் செயற்கை நுண்ணறிவு மையங்கள். ஆயிரக்கணக்கான ஜி.பி.யு.க்கள் சேர்ந்து ஒரு மாதிரியைப் பயிற்றுவிக்கும்போது, உரையாடல்கள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் 400 கிகாபிட் கேபிளையே நிரப்பும் பூதம். ஒரு சுற்றில் ஒரே ஒரு ஜி.பி.யு.வுக்குத் தரவு பிந்தினாலும் மற்ற அத்தனையும் கைகட்டி நிற்கும். இரண்டு பூதங்கள் ஒரே கேபிளில் முட்டிக்கொண்டால் கோடிக்கணக்கான மதிப்புள்ள கருவிகள் சும்மா இருக்கும். நான்கு கேபிள் நான்கு உரையாடல் கணக்கை இங்கே பொருத்திப் பார்த்தால் நிலைமை புரியும். மெட்டா நிறுவனம் லாமா 3 மாதிரியைப் பயிற்றுவித்த முறையை 2024இல் விளக்கியபோது, இரண்டு ஜி.பி.யு.க்களுக்கு நடுவே ஒரு உரையாடலுக்குப் பதில் 16 உரையாடல்களாகப் பிரித்து அனுப்பியதாக எழுதியது. தாயக்கட்டையை அதிகம் உருட்டினால் சராசரி ஒழுங்குக்கு வரும் என்ற கணக்கு அது. கூடவே ஹாஷில் கலக்கும் தகவல்களையும் கூட்டினார்கள்.

அமேசான் வேறு பாதையில் போனது. தன் தரவு மையங்களுக்காக உருவாக்கிய எஸ்.ஆர்.டி. என்ற நெறிமுறையைப் பற்றி அதன் பொறியாளர்கள் 2020இல் எழுதினார்கள். ஒரே உரையாடலின் பொட்டலங்களைப் பல வழிகளில் இறைத்துவிடுகிறது, முன்பின்னாகவே அவற்றைப் பெற்றுக்கொள்கிறது, நெரிசலான வழியைத் தவிர்க்கிறது. அடுக்கும் பொறுப்பை மேலடுக்குக்கு விட்டுவிடுகிறது. 2023இல் ஏ.எம்.டி., அரிஸ்டா, பிராட்காம், சிஸ்கோ, இன்டெல், மெட்டா, மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய அல்ட்ரா ஈதர்நெட் கூட்டமைப்பும் இந்தத் திசையில்தான் நடக்கிறது. 2025 ஜூனில் வெளியான அதன் முதல் பதிப்பு, பொட்டலங்களை எல்லா வழிகளிலும் இறைப்பதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. தரவு நினைவகத்தில் எந்த இடத்தில் சேர வேண்டும் என்பதைப் பொட்டலமே சுமந்து வரும், வந்த கணத்தில் நெட்வொர்க் அட்டை அதை அங்கே எழுதிவிடும். ஸ்விட்சுகள் முப்பது வருடமாகக் கட்டிக்காத்த வரிசையைக் கைவிட்டுவிடலாம். அதற்கு ஒவ்வொரு கணினியிலும் இந்த வேலை தெரிந்த புது நெட்வொர்க் அட்டை வேண்டும். அந்தச் செலவைத் தாங்குகிறவர்கள் இப்போதைக்குப் பெரிய தரவு மையக்காரர்கள் மட்டும்தான்.